1 நோட்ரம்ப்புக்குப் பிறகு

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. திருக்கோவில் பக்கம் மாரி விதைப்பு முடிந்துவிட்டது என்றும், சீட்டில் 304 ஆட்டம் அடிக்கிற உன் கூட்டாளிமாரைப் பிரிட்ஜ் ஆட்டத்துக்குத் திருப்பிவிட்டாய் என்றும் வாசிக்கச் சந்தோஷம். இங்கே வாவி நிரம்பிக் கிடக்குது. வீட்டில் எல்லோரும் சுகம். நீ கேட்ட விஷயத்துக்கு வாறேன்: சோடிக்காரன் 1 நோட்ரம்ப் (துரும்பில்லாமல் ஆறுக்கு மேல் 1, அதாவது 7 பிடி எடுப்பேன்) என்று திறந்தபின் உங்கள் மேசையில் ஏன் கேள்வி, அதாவது ஏலம், குழம்புது?

304 இல் கேள்வியை எடுத்தவன் துரும்பைக் கவிழ்த்து வைத்து ஒளிப்பான். அந்தப் பழக்கம் இங்கே உதவாது. 1 நோட்ரம்ப் சொன்னவன் தன் கையை முக்கால்வாசி காட்டிவிட்டான்: 15 முதல் 17 புள்ளி (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1), நாலு இனத்திலும் சீட்டின் அமைப்பு 4-3-3-3, 4-4-3-2 அல்லது 5-3-3-2. அவனுக்கு எதிரே இருக்கும் சோடிக்காரனின் கை இன்னும் யாருக்கும் தெரியாது. ஆகவே எவ்வளவு உயரம் போவது, எந்த இனத்தில் நிற்பது என்ற இரண்டையும் தீர்மானிக்க வேண்டியவன் எதிரே இருப்பவன்தான். திறந்தவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். உங்கள் குழப்பத்தில் பெரும்பகுதி, திறந்தவன் தன் 17 புள்ளியை இரண்டாம் தரமும் கேட்பதால் வருவது.

கணக்கு சுலபம். இரு கையும் சேர்ந்து 25 இருந்தால் 3 நோட்ரம்ப், 33 என்றால் 6, 37 என்றால் 7. எனவே சமநிலையான கையில் 7 வரை பாஸ், 8-9 இல் 2 நோட்ரம்ப், 10 முதல் 15 வரை நேரே 3. எட்டுப் புள்ளியில் மட்டும் கொஞ்சம் நின்று பார். ஸ்பேட் கிங், 7, 3; ஹார்ட் குயின், 6, 2; டயமண்ட் குயின், 8, 4, 3; கிளப் ஜாக், 5, 2. இது எட்டுத்தான், ஆனால் பத்துச் சீட்டும் இல்லை, நீள இனமும் இல்லை. நான் பாஸ் சொல்வேன். ஸ்பேட் 10, 9, 3. ஹார்ட் கிங், 4. டயமண்ட் கிங், குயின், 10, 9, 6. கிளப் 8, 7, 2. இதுவும் எட்டுத்தான். ஆனால் டயமண்ட் ஓடத் தொடங்கினால் நாலைந்து பிடி தரும். 2 நோட்ரம்ப் தாராளமாகக் கேட்கலாம்.

டயமண்டும் கிளப்பும் நீளமாக இருந்தாலும் அவற்றைத் தேடி ஓட விடாதே. 3 நோட்ரம்ப் 40, 30, 30 என்று 9 பிடியில், கேமுக்கு வேண்டிய 100 மதிப்பெண் ஆகிறது. அந்த இனங்களில் 100 எடுக்க 11 பிடி வேண்டும்.

நாலு ஸ்பேட்டோ நாலு ஹார்ட்டோ உள்ள கைக்குத்தான் ஸ்டேமன். ஜோர்ஜ் ரப்பே உருவாக்கியதை அவருடைய சோடிக்காரர் சாம் ஸ்டேமன் 1945 இல் எழுதிப் பரப்பியதால் ஸ்டேமன் பெயரே நிலைத்தது. 2 கிளப் என்பது, ஸ்பேட்டிலோ ஹார்ட்டிலோ உனக்கு நாலு உண்டா என்று திறந்தவனிடம் கேட்பது. 2 டயமண்ட் என்றால் நாலு இல்லை, 2 ஹார்ட், 2 ஸ்பேட் என்றால் அந்த இனத்தில் நாலு உண்டு. இரண்டும் இருந்தால் ஹார்ட் முதலில். ஒரு கை பார்: ஸ்பேட் கிங், ஜாக், 8, 4, ஹார்ட் 7, 3, டயமண்ட் ஏஸ், 9, 6, 2, கிளப் குயின், 10, 5. பத்துப் புள்ளி. 2 ஸ்பேட் வந்தால் 4 ஸ்பேட், மற்றதெல்லாம் 3 நோட்ரம்ப். ஹார்ட்டில் இரண்டே சீட்டு என்பதால் மூன்றாவது ஹார்ட்டைத் துரும்பால் வெட்டலாம். நோட்ரம்ப்பில் அதே இனத்தில் எதிராளி வரிசையாக எடுப்பான். அமைப்பு 4-3-3-3 என்றால் வெட்ட இடமே இல்லை, ஸ்டேமனை விட்டுவிடு. எட்டுக்குக் குறைந்த கையிலும் வேண்டாம். பதில் 2 டயமண்ட் என்று வந்தால் நிற்க இடமிராது. கிளப் ஒன்றே ஒன்று, மற்ற மூன்றிலும் நாலு நாலு என்றால் மட்டும் கேட்டுவிட்டு எந்தப் பதிலையும் பாஸ் பண்ணலாம்.

உங்கள் ஆட்கள் பயப்படுகிற ட்ரான்ஸ்ஃபருக்கு வாறேன். 2 டயமண்ட் கேட்டால் குறைந்தது ஐந்து ஹார்ட், 2 ஹார்ட் கேட்டால் குறைந்தது ஐந்து ஸ்பேட். திறந்தவன் ஒரு படி ஏறி அந்த இனத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கையைப் பார்: ஸ்பேட் ஜாக், 9, 7, 6, 4, 2; ஹார்ட் 5, 3; டயமண்ட் 10, 8, 4; கிளப் 7, 2. ஒரே ஒரு புள்ளி. பாஸ் சொன்னால் இந்தக் கைக்குள் நுழைய ஒரு சீட்டும் இல்லை, ஆறு ஸ்பேட்டும் வீணாகும். ஸ்பேட் துரும்பானால் இதே கை மூன்று நாலு பிடி தரும். 2 ஹார்ட் கேள், அவன் 2 ஸ்பேட் சொல்வான், நீ பாஸ். ஆடுவதும் அவன்தான். அவனிடம் கிளப் ஏஸ், குயின் இருந்து இடப்பக்கத்து எதிராளி கிளப் போட்டால் கடைசிச் சீட்டு அவனுடையது, இரண்டும் பிடிக்கும். நீ ஆட, அவன் கை மேசையில் மல்லாந்து கிடந்தால், அதற்குப் பின்னால் இருப்பவனின் கிங் குயினைத் தின்னும்.

ஐந்து ஸ்பேட்டும் 8-9 புள்ளியும் என்றால், அவன் 2 ஸ்பேட் சொன்னபின் 2 நோட்ரம்ப். பத்துக்கு மேல் 3 நோட்ரம்ப். அவனிடம் மூன்று ஸ்பேட் இருந்தால் 4 ஸ்பேட்டுக்குத் திருத்துவான், இரண்டு என்றால் அப்படியே விடுவான். ஆறு ஸ்பேட் என்றால் 3 ஸ்பேட் என்பது 4 க்குப் போகலாமா என்ற அழைப்பு, 4 ஸ்பேட் முடிவு. பிழை வருவது இரண்டு இடத்தில். திறந்தவன் மறந்துபோய் 2 ஹார்ட்டைப் பாஸ் பண்ணுவது ஒன்று. ஸ்பேட் இரண்டுதானே என்று 2 நோட்ரம்ப் சொல்வது மற்றது. எதிரே ஒரு புள்ளிக் கை இருக்கலாம் என்பதை அவன் ஒருபோதும் மறக்கக்கூடாது. நாலு ஸ்பேட்டும் 17 புள்ளியும் உள்ளபோது மட்டும் 3 ஸ்பேட்டுக்குப் பாயலாம்.

நேரே 4 நோட்ரம்ப் கேட்டால் அது ஏஸ் கேள்வி அல்ல. 16-17 புள்ளியோடு, 17 இருந்தால் 6 க்குப் போ என்ற அழைப்பு. ஏஸ் கேட்க 4 கிளப்பை வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி நம் 1 நோட்ரம்ப்பை இரட்டிப்பாக்கி டபுள் சொன்னால் எல்லாம் முன்போலவே இருக்கட்டும். 2 டயமண்டோ அதற்கு மேலோ சொல்லிக் குறுக்கிட்டால் ட்ரான்ஸ்ஃபர் இல்லை, 2 என்ற உயரத்தில் கேட்கிற இனமே கையில் நீளமாக உள்ள இனம். முதலில் இவ்வளவு போதும்.

சீட்டைப் போடும்போது ஒரு கைக்கு 15-17 வருமாறு நீயே எடுத்து வைத்து, மற்ற 39 சீட்டையும் கலைத்துப் பகிர்ந்து, கேள்வியை மட்டும் பழக விடு. குழம்புகிற கைகளை எழுதி அனுப்பு, பதில் போடுறேன்.

அன்புடன்,
உன் மச்சான்