அந்த ட்ராயர்ல இருக்கற கட்டு

பாப்பா,

போன் எடுக்க மாட்டேங்கற, அதான் டைப் பண்றேன். ஓபி நேரத்துல கூப்பிட்டுட்டேன் போல, பரவால்ல. முட்டி வலி அப்படியேதான் இருக்கு, மாத்திரை சாப்பிடறேன், வேற விசேஷம் ஒண்ணும் இல்ல.

போன தடவை வந்தப்ப உன் கிளினிக் கவுண்டர்ல உக்காந்திருந்தேன்ல, பேனா தேடறப்ப ட்ராயர்ல ஒரு கட்டு பேப்பர் பாத்தேன். நோண்டலை டி, நிஜமா பேனாதான் தேடினேன். எல்லாம் இன்சூரன்ஸ்காரன் திருப்பி அனுப்புன க்ளெய்ம். ஒண்ணுல பேஷன்ட் இனிஷியல் கார்டுல ஒரு மாதிரி, பில்லுல ஒரு மாதிரி. ஒண்ணுல பிறந்த தேதில நாளும் மாசமும் இடம் மாறி கிடக்கு. இன்னொண்ணு முன் அனுமதி வாங்காம எடுத்த ஸ்கேன், அது வர்றது கஷ்டம்தான். மத்ததெல்லாம் திருத்தி அனுப்புனா வந்துடும். உன் வைத்தியத்துல ஒரு குறையும் இல்ல, எல்லாம் கிளார்க் வேலை. ஆனா அதுக்கு ஒரு கெடு இருக்கு, கெடு தாண்டிடுச்சுன்னா நீ உயிரையே காப்பாத்தியிருந்தாலும் ஒரு பைசா வராது. அந்தக் கட்டை முதல்ல எடு.

அப்புறம் பில்லுல போடற அந்த நோய் கோட் நம்பர். டாக்டருக்கு நான் சொல்லித் தரணுமான்னு கேப்ப, ஆனாலும் சொல்றேன். சுகர்க்காரங்க எல்லாருக்கும் கண்ணை மூடிட்டு ஐசிடில, அதான் ஒவ்வொரு நோய்க்கும் நம்பர் குடுத்திருக்கற லிஸ்ட்ல, இ11.9னு போட்டு வெச்சிருக்க, அதாவது சிக்கல் எதுவும் இல்லாத டைப் 2 சுகர். கீழயே கால் நரம்பு டெஸ்ட்டுக்கு பில். சிக்கலே இல்லேன்னா இந்த டெஸ்ட் எதுக்குன்னு இன்சூரன்ஸ்காரன் கேக்கத்தானே செய்வான்? நரம்பு பாதிச்சிருக்குன்னு கேஸ் ஷீட்ல நீயே எழுதியிருக்க, அப்ப இ11.4 தானே. இல்லாததை எழுதச் சொல்லலை, அது திருட்டு, அப்பா இருந்தா உன்னையும் என்னையும் சேத்து வீட்டை விட்டு துரத்தியிருப்பாரு. இருக்கறதை முழுசா எழுதுன்னுதான் சொல்றேன்.

பக்கத்து வீட்டு அக்காவோட மருமக உன்கிட்ட காட்டிட்டு வந்தா. டாக்டர் பேச்சை பாதில வெட்டவே இல்ல ஆன்ட்டி, முழுசா கேட்டாங்கன்னு சொன்னா, எனக்கு அன்னிக்கெல்லாம் நடையே வேற மாதிரி இருந்துச்சு போ. அதோட விட்டிருக்கலாம், ஃபீஸ் கூட வாங்கலைன்னும் சொன்னா. அவ புருஷன் என்ன சம்பளம் வாங்கறான்னு எனக்குத் தெரியும்.

அப்பாவும் சும்மா பாத்தவர்தான், இல்லேங்கலை. ஆனா உள்ள பாக்கறப்பவே சீட்டு மூலைல ஒரு சுழி போட்டு அனுப்புவாரு, நான் தர்மம்னு கணக்குல எழுதிப்பேன், மாசக் கடைசில எவ்ளோ போச்சுன்னு அவருக்கும் தெரியும். சுழி இல்லாத சீட்டை நான் காசு வாங்காம விட்டதே இல்ல, அதுக்கு எனக்கு என்ன பேர் வெச்சாங்கன்னு உனக்குத் தெரியும். நீ பண்றது தர்மம் இல்ல கண்ணு, கேக்கக் கூச்சப்பட்டு அப்புறம் பாக்கலாம்னு விடறது. ஃபீஸ் எவ்ளோன்னு அப்பாயின்ட்மென்ட் குடுக்கறப்பவே சொல்லிடச் சொல்லு, இன்சூரன்ஸ் போக பேஷன்ட் கட்ட வேண்டிய பங்கை அன்னிக்கே வாங்கிடச் சொல்லு. முடியாதவங்களுக்கு தவணை போட்டுக் குடு. பெரிய ஆஸ்பத்திரில சம்பளத்துக்கு இருந்தப்ப பில்லை எவனோ பாத்துக்கிட்டான், இப்ப அந்த எவனோ நீதான்.

மாப்பிள்ளை அன்னிக்கு பேசறப்ப பின்னாடி பஸ் சத்தம் கேட்டுச்சு. கார் சர்வீஸுக்கு விட்டிருக்கோம் அத்தைன்னாரு. அதுக்கு முந்தி பேசினப்பவும் சர்வீஸ்லதான் இருந்துச்சு. நான் ஒண்ணும் கேட்டுக்கலை. தம்பிகிட்ட நீ ஏதோ கேட்டியாம், அதையும் நான் கேக்கலை.

உன் சாஃப்ட்வேர்லயே பாக்கி லிஸ்ட் 30 நாள், 60 நாள், 90 நாள்னு பிரிச்சுக் காட்டும், வாரம் ஒரு தடவையாவது அதைத் திறந்து பாரு. 90ஐ நெருங்கறதை முதல்ல துரத்து, பழசாக ஆக வசூலாகறது கஷ்டம். கணக்குல வருமானம்னு அழகா நிக்கும், ஆனா வாடகையும் சம்பளமும் பேங்க்ல இருந்துதானே போகணும். திருப்பி அனுப்புனது மட்டும் சரியா போயிருந்தாலே பாதி பாரம் இறங்கியிருக்கும், அதான் சொல்றேன், அந்தக் கட்டை எடு.

இன்னொண்ணு, காசு வாங்கற ஆளே கணக்கும் எழுதற மாதிரி வெக்காத. அந்தப் பொண்ணு மேல சந்தேகம் இல்ல, தங்கமான பொண்ணு. ராத்திரி பூட்டறதுக்கு முன்னாடி ரசீதையும் கல்லாவையும் நீ ஒரு தடவை ஒத்துப் பாத்துடு, அவளுக்கும் அதான் நல்லது.

அவளுக்கு இந்த மாச சம்பளம் போட்டுட்டியா? அதுக்கு மட்டுமாவது ஒரு மெசேஜ் போடு. போடலைன்னா என் அக்கவுன்ட்ல இருக்கு, பேஷன்ட்கிட்ட கேக்கத்தான் கூச்சம், என்கிட்டயுமா.

அம்மா