கொலரிபெட்டா ஏறப்போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். டிசம்பர் கடைசி வாரம், 5 பேர், முதல் நாள் கோத்தகிரி லாங்வுட் சோலை, மறுநாள் அவலாஞ்சியிலிருந்து கொலரிபெட்டா உச்சி. இடங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளம்பும் நேரத்தையும் துணிமணிப் பட்டியலையும்தான் மாற்ற வேண்டும்.

"நீலகிரியில் பனிக்கட்டியா விழுகிறது, எதற்கு இவ்வளவு ஏற்பாடு?" என்று உன் நண்பர்கள் கேட்டதாக எழுதியிருந்தாய். ஆளைச் சாய்க்கப் பனிக்கட்டி விழ வேண்டியதில்லை. 8, 10 டிகிரிக் குளிரில், நனைந்த பருத்திச் சட்டையோடு, முகட்டுக் காற்றில் ஒன்றிரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டாலே உடம்பின் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வெயிலும் வெறும் மேகமுமாகத் தெரிகிற மலை என்பதால் யாரும் அதற்குத் தயாராக வருவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் காலக்கணக்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அது முதலில் மோதுவது கிழக்குச் சரிவில், அதாவது கோத்தகிரி, குன்னூர், கேத்தி பக்கம். அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டித் தீர்க்கும். பனிக்காலத்தில் கோத்தகிரியை விட அங்கே மழை குறைவு. ஆனால் வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. 2 நாள், 3 நாள் விடாமல் பெய்யும். கிளம்புவதற்கு 3 நாள் முன்பிருந்தே சென்னை வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பார். மஞ்சள் என்றால் லாங்வுட் மட்டும் போகலாம். ஆரஞ்சு என்றால் நடையே வேண்டாம். சிவப்பு என்றால் ஊரிலிருந்தே புறப்படாதே.

மழை நின்ற மறுநாளே மலை பத்திரமாகிவிடுவதில்லை. குடித்த தண்ணீரை மண் உடனே விடாது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நடந்த மண்சரிவுகள் தொடர்மழையில் ஊறிப்போன சரிவுகளில் நேர்ந்தவை. சாலையை ஒட்டி வெட்டிய மண்சுவர், தேயிலைத் தோட்டத்துக்கு மேலே புதிதாக ஓடும் விரிசல், சாய்ந்து நிற்கும் மின்கம்பம், தெளிவாக ஓடிய ஓடை திடீரெனச் செம்மண் நிறமாவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் அந்த வழியை விட்டுவிடு. மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் குறைந்தால் அது இன்னும் மோசம். மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கிறது, உடைத்துக்கொண்டு மொத்தமாக வரும். ஊறிய மண்ணில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) காற்றே இல்லாமல்கூட விழும். அவற்றின் அடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம்.

இனி உறைபனி. மழை ஓய்ந்து, வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்து, காற்றும் நின்ற இரவில்தான் அது விழும். மேகம் இருந்தால் தரையின் சூடு அவ்வளவாக வெளியேறாது. மேகம் இல்லாவிட்டால் விடிவதற்குள் எல்லாம் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல், ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் வெள்ளையாகிற காலையில் அவற்றுக்கு மேலே இருக்கும் சரிவுகளில் புல் பச்சையாகவே இருப்பது இதனால்தான். உன் கைபேசியில் 3 டிகிரி என்று காட்டினால் உறைபனி இல்லை என்று நினைக்காதே. அது தரையிலிருந்து 4 அடி உயரத்துக் காற்றின் கணக்கு. கீழே புல் அதற்குள் உறைந்திருக்கும். எமரால்டில் நீ பார்த்துவைத்த ஓடையோரத் தங்குமிடத்தை மாற்றிவிட்டு, 100 அடி மேலே இருக்கிற ஏதாவது ஒன்றைப் பிடி.

உறைந்த புல் கண்ணாடி மாதிரி வழுக்கும். மண் வெறுமையாக இருக்கும் பாதையில் ஈரம் ஊசி ஊசியாக உறைந்து மேல்மண்ணைத் தூக்கி நிறுத்தும். மிதித்தால் நொறுங்கும், வெயில் ஏறியதும் சேறாகிவிடும். ஏறும்போது இது பெரிதாகத் தெரியாது, இறங்கும்போதுதான் கணுக்கால் போகும். அடியில் ஆழமான வெட்டுள்ள ஷூ வேண்டும். ஓட்டப் பயிற்சிக்குப் போடும் தேய்ந்த ஷூ உதவாது. கையில் ஒரு தடி இருக்கட்டும்.

துணி விஷயத்தில் நீ பிடிவாதம் பிடிக்காதே. ஜீன்ஸ் கூடவே கூடாது, பருத்தி பனியனும் வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காயாது, தோலோடு ஒட்டிச் சூட்டை இழுக்கும். உள்ளே சீக்கிரம் காயும் செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜெர்கின். ஏறும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட வேண்டும். லேசாகக் குளிர்கிற நிலையிலேயே நடந்தால் வியர்க்காது. நின்ற உடனே, குளிர்வதற்கு முன்பே, போட்டுக்கொள்ள வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: போர்த்திக்கொண்டு ஏறி, வியர்த்து நனைந்து, உச்சியில் கழற்றிப் படமெடுத்துக்கொள்கிறார்கள். 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது 0 டிகிரி. நனைந்திருந்தால் அதைவிட மோசம். குடை முகட்டில் நிற்காது, தொளதொள மழைக்கோட்டும் காற்றில் தலைக்கு மேலே போகும். ஆளுக்கு ஒரு செட் காய்ந்த துணி, 2 ஜோடி சாக்ஸ், பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டிப் பையின் அடியில் வை. அதை நடுவழியில் ஆசைக்கு எடுத்து மாற்றக் கூடாது.

உடம்பு குளிர்ந்துபோகிறவர் தானாகச் சொல்லமாட்டார். கூட இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். முதலில் நடுக்கம். பிறகு ஜிப்பை இழுக்க விரல் வராது. பேச்சு குழறும், கால் இடறும், எரிச்சலாகப் பேசுவார், பின்தங்குவார். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடாதே, நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோ; சோலையின் உட்புறம் முகட்டை விட எவ்வளவோ மேல். ஈரத்துணியைக் கழற்றிவிட்டு அந்தக் காய்ந்த செட்டைப் போடு. வெறுந்தரையில் உட்காரவைக்காமல் கீழே பையைப் போடு. தலையையும் நெஞ்சையும் முதலில் மூடு. தெளிவாகப் பேசி விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை கூடுதலாகப் போட்ட சூடான டீ கொடு. கை கால்களைத் தேய்க்கக் கூடாது, நெருப்பருகே கொண்டுபோகவும் கூடாது. "ஒரு வாய் பிராந்தி" என்று யாராவது எடுத்தால் பிடுங்கி வை. அது தோலுக்கு ரத்தத்தைத் திருப்பி, உள்ளே மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும். பிறகு 108.

மேகமூட்டம் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. காலையில் பளிச்சென்று இருக்கும். வெயில் ஏற ஏறப் பள்ளத்துச் சூடான காற்று மேலேறி, மேகமாகி, மதியத்துக்குமேல் முகட்டை மூடும். சில நிமிடங்களில் 10 அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. குந்தா மலைத்தொடரின் மேற்கு விளிம்பு கேரளப் பக்கம் செங்குத்தாக விழுகிறது. புல்வெளி மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே போய்ச் சட்டென்று முடிந்துவிடும். ஈரப்புல்லில் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒன்றுமிராது. மூடியவுடன் நில். எல்லோரும் கைக்கெட்டும் தூரத்தில் கூடுங்கள். வழிகாட்டி சொல்லாமல் யாரும் அசைய வேண்டாம். ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்று சொல்வதை நம்பாதே. இந்த மலையில் ஓடை அருவியில்தான் கொண்டுபோய் விடும். உதவி வேண்டுமானால் ஒரு நிமிடத்துக்குள் 6 முறை விசில், பிறகு 1 நிமிடம் அமைதி, மறுபடி 6 முறை. விசில் காட்டெருமைக்கும் நீங்கள் இருப்பதைத் தெரிவிக்கும், அது நல்லதுதான்.

ஆகவே நேரம். நீ 10 மணிக்குக் கிளம்புவதாக எழுதியிருக்கிறாய். அந்த வாரத்தில் சூரியன் 6.40 வாக்கில் உதிக்கும், 6.05 வாக்கில் மறையும். மேற்கே மலை இருக்கும் பள்ளத்தில் அதற்கு வெகு முன்பே நிழல் விழுந்துவிடும். அனுமதி தொடங்கும் முதல் நேரத்துக்கே கேட்டில் நில்லுங்கள். 12.30 ஆனதும் உச்சி கண்ணுக்கு முன்னால் இருந்தாலும் திரும்புங்கள். இதைக் கிளம்பும் முன்பே 5 பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே போய் வாக்கெடுப்பு நடத்தினால் யாரும் திரும்பமாட்டார்கள்.

அனுமதிக்கு 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய். தேனி குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் அத்தனை பேர் இறந்த பிறகு, அனுமதியில்லாமல் காட்டுக்குள் நடப்பதற்கு இடமில்லை. உறைபனி கருக்கிய புல் ஜனவரியிலிருந்தே காய்ந்த வைக்கோல்தான். தீக்குச்சி, சிகரெட், குளிர்காய நெருப்பு எதுவும் வேண்டாம்.

தங்குமிடத்தில் கரி அடுப்பு கொண்டுவந்து வைக்கிறேன் என்பார்கள். முற்றத்தில் குளிர்காய்ந்துவிட்டு, தூங்கப் போகும்போது வெளியிலேயே விட்டுவிடுங்கள். கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. மூடிய அறையில் தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். கம்பளி இன்னும் 2 கேட்டு வாங்கு.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். குளிரில் தாகம் தெரியாது, கேட்காமலே குடிக்க வேண்டும். கைபேசியை உள்சட்டைப் பையில் வை, குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது. அதனால் கிளம்பும் நேரம், வழி, திரும்பும் நேரம் மூன்றையும் முந்தின இரவே எனக்கு அனுப்பு. மாலை 5 மணிக்குள் உன் அழைப்பு வராவிட்டால் வனத்துறைக்கும் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கும் நான் சொல்லிவிடுவேன். அவர்களிடம் சொல்ல நான் சங்கடப்படுவேன் என்று நினைத்து மேலேயே இருந்துவிடாதே.

விசில் 5, நெற்றியில் கட்டும் டார்ச் 5 அங்கேயே வாங்கி வா. கம்பளிக் குல்லாவும் மஃப்ளரும் வீட்டிலேயே போதுமான அளவு இருக்கின்றன; அம்மா வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறாள்.

அப்பா