கேள்வித்தாளில் உப்புக் கணக்கைக் காணோமே

அன்புள்ள கார்த்தி,

திருப்பூரில் உங்களுக்குத் துணி கொடுப்பவர்களுக்காக ஹாம்பர்க்கிலிருந்து நீ அனுப்பிய சப்ளையர் கேள்வித்தாளை முழுசாகப் படித்தேன். சி.எஸ்.ஆர். (கம்பெனிகள் சமூகத்துக்குச் செய்யும் நற்பணி) செலவு எவ்வளவு, மரம் எத்தனை நட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கு என்ன கொடுத்தார்கள் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. தண்ணீருக்கு ஒரே ஒரு கேள்விதான்: ‘கழிவுநீர் முறையாகச் சுத்திகரிக்கப்படுகிறதா? ஆம் / இல்லை.’ இதற்கு ‘இல்லை’ என்று டிக் அடிக்கிற கம்பெனி திருப்பூரில் ஒன்றுகூட இருக்காது, கண்ணு.

முதலில் அந்த சி.எஸ்.ஆர். பகுதி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனிக்கு மட்டும்தான் அது பொருந்தும். முந்தைய மூன்று வருட லாபத்தின் சராசரியில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். லாபம் 6, 7, 8 கோடி என்றால் சராசரி 7 கோடி, செலவு 14 லட்சம். திருப்பூரில் பெரும்பாலானவை பார்ட்னர்ஷிப், இல்லையென்றால் தனி ஆள் நடத்தும் கம்பெனி. பெயர்ப்பலகையில் கம்பெனி என்று இருந்தாலும் சட்டப்படி அவை கம்பெனி இல்லை, அந்தப் பிரிவு அவர்களைத் தொடாது. அவர்கள் ‘சி.எஸ்.ஆர். செலவு: இல்லை’ என்று எழுதினால் அதைக் குறையாக மார்க் போடாதே. கோயில் கும்பாபிஷேகம், ஊர்ப் பள்ளிக்குக் கட்டடம், ஆஸ்பத்திரிக்குக் கருவி என்று கொடுப்பது இந்த ஊரில் சட்டம் வருவதற்கு முன்பே இருந்த பழக்கம். அதில் கும்பாபிஷேகம், எதெல்லாம் சி.எஸ்.ஆர். ஆகும் என்று அந்தச் சட்டம் பட்டியல் போடும் ஏழாம் அட்டவணையிலேயே இல்லை.

சட்டம் பொருந்துகிற கம்பெனிகளில் தவறு நடக்கும் இடம் மார்ச் மாதம். கடைசி வாரத்தில் ஒரு டிரஸ்டுக்குச் செக் கொடுத்துவிட்டு ‘செலவாகிவிட்டது’ என்று எழுதுவார்கள். டிரஸ்ட் அந்தப் பணத்தை வேலைக்குப் பயன்படுத்தினால்தான் அது செலவு; கைமாறியது மட்டும் போதாது. சி.எஸ்.ஆர். பணம் வாங்க அரசிடம் பதிந்ததற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் அந்த டிரஸ்டுக்கு இருக்கிறதா என்றும் பார். சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் பயன்படுகிற ஹாஸ்டல், கேன்டீன் எல்லாம் சி.எஸ்.ஆர். ஆகாது. முக்கியமானது ஒன்று: வேறொரு சட்டப்படி செய்தே ஆகவேண்டிய வேலைக்கு ஆகும் செலவையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 2014 ஜூனிலேயே அரசு சுற்றறிக்கை போட்டுச் சொல்லிவிட்டது. அதனால், சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒருவர் கோடிக்கணக்கில் செலவழித்தாலும் உன் சி.எஸ்.ஆர். பக்கத்தில் அவருக்குப் பூஜ்யம்தான். பத்தாயிரம் கன்று நட்டுப் போட்டோ எடுத்தவருக்கு முழு மார்க்.

மரம் நடுவதைக் கேலி செய்யவில்லை. ‘வனத்துக்குள் திருப்பூர்’ 2015-லிருந்து நடக்கிறது, நல்ல வேலை. நஞ்சராயன் குளம் 2024-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் நமக்குப் பெருமைதான். ஆனால் நீ துணி வாங்க வந்திருக்கிறாய், துணிக்குப் பின்னால் நொய்யல் ஆறு இருக்கிறது. சென்னிமலைப் பக்கம் 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்றது. நடக்காததால் 2011 ஜனவரியில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

நீ பிடிக்க வேண்டிய நூல் உப்பு. காட்டன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது, சாயம் நூலில் ஏறுவதற்கு உப்பு வேண்டும். கருநீலம், கருப்பு மாதிரி அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் என்று வை. 500 கிலோ துணியை 1:6 விகிதத்தில் (கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர்) சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஓட்டினால் 3,000 லிட்டர் தண்ணீர், 180 கிலோ உப்பு. பழைய வின்ச் மெஷினில் தண்ணீர் இன்னும் அதிகம், அதே அளவுக்கு உப்பும் அதிகம். சாயத்தில் ஒரு பங்கு துணியில் ஒட்டாமல் கழுவும் தண்ணீரோடு வந்துவிடும். உப்போ, அவ்வளவும் வந்துவிடும். பிளீச்சிங்கிலிருந்து கடைசி அலசல் வரை ஒன்பது, பத்து முறை தண்ணீர் மாற்றினால் கிலோவுக்கு 50 லிட்டரைத் தாண்டும்.

அந்தத் தண்ணீர் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. பாக்டீரியாவை வைத்து அழுக்கைத் தின்ன வைத்து, வடிகட்டி, ஆர்.ஓ.வில் ஏற்றுகிறார்கள். நல்ல தண்ணீர் பட்டறைக்குத் திரும்புகிறது. மிச்சம் கெட்டியான உப்புக் கரைசல், ரிஜெக்ட். அதை எவாப்பரேட்டரில் சுண்ட வைக்க வேண்டும். செலவில் பெரும் பங்கு இங்கேதான், கரன்டும் நீராவியும். நீராவிக்கு பாய்லரில் விறகு எரிகிறது என்றால் அந்த விறகு எங்கிருந்து வருகிறது என்றும் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்.

சாயத்துக்குச் சோடியம் சல்பேட் போட்டிருந்தால், சுண்டிய கரைசலைக் குளிரவைத்ததும் அது படிகமாகக் கீழே இறங்கிவிடும். எடுத்துத் திரும்பவும் சாயத்துக்குப் போடலாம். சாதா உப்பு அப்படி இறங்காது. கொஞ்சம் சாதா உப்பு, அமிலத்தன்மை சரிசெய்ய ஊற்றிய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் குளோரைடு, தண்ணீரின் கடினத்தன்மை எல்லாம் சேர்ந்தால் கடைசியில் மிஞ்சுவது கலப்பு உப்பு. அதை வாங்க ஆள் இல்லை. மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். காற்றின் ஈரத்தை இழுத்து மூட்டை அடியில் கசிந்திருக்கும், தரையில் வெள்ளைப் பூத்திருக்கும். ஆடிட்டுக்குப் போகிறவர்கள் ஆர்.ஓ. ஹாலில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீ அந்த ஷெட்டுக்குப் போ. மேலே கூரை, கீழே கசிவு தாங்கும் தரை, மூட்டை உள்ளே வந்த தேதி போட்ட ரிஜிஸ்டர், மூன்றும் இருக்க வேண்டும்.

ஆகவே ‘ஆம் / இல்லை’யை எடுத்துவிட்டு ஒரு மாதக் கணக்கைக் கேள். துணி எத்தனை கிலோ சாயமேறியது, மீட்டர்படி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போன தண்ணீர் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு, உப்பு எத்தனை கிலோ வாங்கினார்கள், எத்தனை கிலோ மீட்டார்கள், கலப்பு உப்பு எத்தனை. தினம் 5 டன் துணி போடுகிற பட்டறையிலிருந்து இரண்டரை லட்சம் லிட்டர் வரவேண்டும். மீட்டர் ஒரு லட்சம்தான் காட்டுகிறது என்றால் மீதி எங்கே? ‘புது மெஷின், தண்ணீர் குறைவு’ என்பார்கள், சில இடத்தில் அது உண்மையாகவும் இருக்கும். அப்போது உப்பைப் பார். தண்ணீர் ஆவியானது என்று சொல்லலாம், உப்பு ஆவியாகாது. உள்ளே போனது படிகமாகவோ, கரைசலாகவோ, கலப்பு உப்பாகவோ கணக்கில் வந்தே ஆகவேண்டும். துண்டு விழுகிற மாதங்களை மழை பெய்த நாட்களோடு ஒட்டிப் பார். மழைத்தண்ணீரோடு சேர்த்துத் திறந்துவிடுவதுதான் இங்கே பழைய தந்திரம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. உனக்கு பில் போடுகிற எக்ஸ்போர்ட்டர்களில் பலருக்குச் சொந்தச் சாயப்பட்டறை கிடையாது. துணியை ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிக் கிலோவுக்கு இவ்வளவு என்று சாயக்கூலி கொடுக்கிறார்கள். கேள்வித்தாள் எக்ஸ்போர்ட்டரோடு நின்றுவிட்டால் தண்ணீரைப் பற்றித் தெரிந்த ஆள் அதைப் பார்க்கவே மாட்டார். ஆர்டர் வாரியாக எந்தப் பட்டறை, எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பினர் என்று கேள். சாயம் போட்ட டெலிவரி சலான் நம்பரையும் வாங்கு. சீசன் நெருக்கடியில் துணி வேறொரு பட்டறைக்கு மாறுவது சகஜம், சலான்தான் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக விலை. இதை உன் மேலதிகாரிகள் விரும்ப மாட்டார்கள். ஒரு டி-ஷர்ட்டுக்கு வேஸ்ட்டோடு சேர்த்து 200 கிராம் துணி என்றால் 10 லிட்டர் கழிவுநீர். சுத்தம் செய்ய லிட்டருக்கு 20 பைசா என்று கணக்குக்கு வைத்துக்கொள், ஒரு உருப்படிக்கு 2 ரூபாய். உங்கள் விலை பேச்சில் அடிபடுவது பெரும்பாலும் அந்த இரண்டு ரூபாய்தான். பையர் விலையைக் குறைத்தால் எக்ஸ்போர்ட்டர் சாயக்கூலியைக் குறைப்பார், பட்டறைக்காரர் குறைக்க முடிகிற ஒரே இடம் தண்ணீர். சப்ளையர்களிடம் மனித உரிமை, சுற்றுச்சூழல் எப்படி இருக்கிறது என்று கம்பெனிகளைப் பார்க்கச் சொல்லி 2023-ல் ஜெர்மனியில் வந்த சப்ளை செயின் சட்டத்துக்காக நீ படிவம் சேர்க்கிறாய், சரி. அதே மெயிலில் ‘5 சதவீதம் குறைக்க முடியுமா’ என்று உன் பர்ச்சேஸ்காரர் கேட்டால், அந்தப் படிவத்தை இங்கே யார் மதிப்பார்கள்? காஸ்டிங் ஷீட்டில் நூல், நிட்டிங், சாயம், தையல் என்று இருப்பதுபோல் கழிவுநீருக்குத் தனி வரி போடு. அந்த வரியில் பேரம் கிடையாது என்று எழுத்தில் கொடுக்க உங்கள் ஆபீஸ் சம்மதிக்குமா என்று முதலில் கேட்டுப் பார்.

திருத்திய கேள்வித்தாளைத் தமிழிலும் போட்டு அனுப்பு. நிரப்பப் போவது பட்டறை சூப்பர்வைசர்.

அன்புடன்,
அம்மா