ஆடிப்பட்டத்துக்கு முன் மகளுக்கு எழுதியது

குத்தாலம்,
ஆடி முதல் வாரம்.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அங்கு உன் நலத்தையும் மாப்பிள்ளையின் நலத்தையும் அறிய ஆவல். நீ அனுப்பிய படங்கள் அனைத்தையும் பார்த்தோம். கூடத்துச் சுவருக்கு நீங்கள் இருவருமே சுண்ணாம்பு அடித்ததையும், பழைய சாமான் கடையில் வாங்கிய பிரம்பு நாற்காலியை மாப்பிள்ளை பிரித்துப் போட்டு உப்புத்தாள் கொண்டு தேய்த்துக்கொண்டிருப்பதையும், மொட்டை மாடியில் அரிசிச் சாக்குகளை வரிசையாக வைத்து மண் நிரப்பியிருப்பதையும், நீ பழம்புடவைகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பதையும் உன் அம்மா எதிர்வீட்டுப் பெரியம்மா வரை எல்லோரிடமும் காட்டிவிட்டாள். தொலைபேசியில் பேசினால் செடியைப் பற்றியும் சுவரைப் பற்றியும் பேசி முடிப்பதற்குள் நீ வைத்துவிடுகிறாய். கேட்க நினைத்தது கேட்காமலேயே நின்றுவிடுகிறது. ஆகையால் எழுதுகிறேன்.

முதலில் சுவர். படத்தில் அது திட்டுத் திட்டாகத் தெரிகிறது. அது உங்கள் கைக்குறை அன்று. அந்தச் சுவரில் வீட்டுக்காரர் முன்பே எமல்ஷன் அடித்து வைத்திருப்பார். அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காது, ஒரு மழைக்காலம் போவதற்குள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, அடியிலுள்ள சிமெண்ட் பூச்சு தெரிந்த பிறகு, சுவரை நன்றாக நனைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது அடித்ததே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். தெரியவில்லையே என்று கெட்டியாகக் கரைத்து அடித்தால் வெடித்துப் போகும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகுவது. எனவே நீர்க்கக் கரைத்து, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று மூன்று பூச்சு அடிப்பதே முறை. நம் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பிடிப்புக்கு அரிசிக் கஞ்சியும் வெளுப்புக்குச் சிறிது நீலமும் கலப்பதை நீ கொல்லைப்புறத்தில் நின்று பார்த்திருக்கிறாய். சுண்ணாம்பு நீற்றுவதை மட்டும் உன்னைக் கிட்டே வந்து பார்க்க விட்டதில்லை, அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன். பாத்திரத்தில் முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டு, கற்சுண்ணாம்பைச் சிறுகச் சிறுகப் போட வேண்டும். கல்லின்மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டைத் தாங்காது, பழைய இரும்பு டிரம் ஏதாவது பாருங்கள். தெறித்தது கண்ணில் பட்டால் கசக்கவே கூடாது, நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு அப்போதே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மாப்பிள்ளையைக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்.

அவர் பிளாஸ்டிக் முக்காலியின்மேல் ஏறி நின்று கூரையோரம் அடிக்கும் படத்தைப் பார்த்தேன். அந்த முக்காலி வழுக்கும். ஓர் ஏணியை வாடகைக்கு எடுக்க அதிகம் ஆகாது. இவ்வளவு சிக்கனமாகச் செய்துவிட்டு, ஏணிக்குப் பார்த்து இடுப்பு ஒடிந்தால் அது எந்தக் கணக்கிலும் சேராது. அந்தப் படம் ஒரு புதன்கிழமை முற்பகலில் வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு செய்கிறார் போலிருக்கிறது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நாற்காலியைத் தேய்க்கும் படமும் வாரநாளில்தான் வந்தது. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் வழக்கம் இப்போது பெங்களூரில் பலருக்கும் இருப்பதை நான் அறிவேன். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நாற்காலிக்காகத் தைக்கால் வரை போய்விட்டு வந்தேன். சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், கொள்ளிடத்துக்கு முன்னால், இருபுறமும் பிரம்புக் கடைகள் இருக்குமே, உன்னைச் சிறுவயதில் ஊஞ்சல் பார்க்க அழைத்துச் சென்ற இடம். அங்கே ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரில் பிரம்பு நார் ஊறிக்கொண்டிருந்தது. நார் காய்ந்திருந்தால் மடிக்கும்போதே முறிந்துவிடுமாம். ஈரத்தோடு பின்னினால் காயும்போது தானே இழுத்துக்கொண்டு தோல்போல விறைத்துவிடுமாம். பளபளப்பான மேல்தோல் பக்கம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். முதலில் முன்னிருந்து பின்னாக, அடுத்து இடமிருந்து வலமாக, மறுபடியும் அதே இரண்டும், கடைசியில் குறுக்குச் சாய்வாக இருபுறமும் என்று வரிசை. ஒவ்வொரு துளையிலும் நாரை இழுத்து நிறுத்தியதும் ஒரு சிறு மரக்குச்சியைச் செருகி அது நழுவாமல் பிடித்துக்கொண்டே அடுத்த துளைக்குப் போனார். அந்தக் குச்சியை எடுப்பதும் செருகுவதுமாக அவருடைய இடக்கை வேலை செய்த வேகத்தை மாப்பிள்ளை பார்த்திருக்க வேண்டும். இதைப் பழகியவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள் என்றும், படித்த பிள்ளை ஒருவர் தாமாகவே பின்னக் கற்றுக்கொள்கிறார் என்றால் மிகவும் நல்லது என்றும் அவர் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் மாப்பிள்ளை என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

பெருமை இருக்கிறது என்பதை முதலில் நீ நம்ப வேண்டும். நம் வீட்டில் காசை வாரி இறைத்தவர்கள் யாரும் இல்லை. நீ ஆறாம் வகுப்பில் பாவாடையைப் பிரித்து உன் அத்தை மகளுக்குத் தைத்துக் கொடுத்தவள். கடையில் புதிதாக வாங்கக் கூடிய நிலையில் இருந்துகொண்டு, பழையதைச் செப்பம் செய்து பயன்படுத்தும் இளம்பிள்ளைகளைப் பார்ப்பது அரிது. ஆனால் விரும்பிச் செய்கிற சிக்கனமும் வேறு வழியில்லாமல் செய்கிற சிக்கனமும் தொலைவிலிருந்து படத்தில் பார்க்கிறவனுக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. பிள்ளையைப் பெற்றவன் எதைத்தான் நினைப்பான்? ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் பேசுகிறாய், மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் மாடியில் இருக்கிறார் என்கிறாய். ஒருமுறையாவது அவரிடம் கொடுத்திருக்கலாம். அவர் எப்போதும் நெல் விலையைப் பற்றி என்னிடம் கேட்பவர்.

நீ சுவரில் அடித்துக்கொண்டிருக்கும் படத்தில் இரு கைகளும் முழங்கை வரை தெரிகின்றன. சுண்ணாம்பு வேலையின்போது வளையல்களைக் கழற்றி வைப்பது நல்லதுதான். தைக்கிற படத்திலும் கைகள் வெறுமையாகவே இருந்தன. பத்திரமான இடத்தில் வைத்திருப்பாய். வெளியே எங்கேனும் வைத்திருந்தாலும் அதில் குறைவொன்றும் இல்லை. குறுவை நடவுக்கு உன் அம்மாவின் சங்கிலி கூட்டுறவுச் சங்கத்துக்குப் போவதும், அறுவடை முடிந்து நெல் போட்ட பணம் வந்ததும் திரும்பி வருவதும் இந்த ஊரில் எந்த வீட்டிலும் நடப்பதே. ரசீதைப் பத்திரப்படுத்தி, தவணைத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அதில் கவனிக்க வேண்டியது. இந்தப் படங்களைப் பற்றி நான் உன் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

மாடித் தோட்டத்துக்கு வருகிறேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் பக்கத்துப் பருவத்துக்குப் பொருந்தச் சொன்னது. அங்கே ஆடியில் சாரலும் குளிருமாக இருப்பதால் வெண்டை இங்கு முளைக்கும் வேகத்தில் முளைக்காது. அழுகிவிட்டது என்று நினைத்துக் கிளறிவிடாதீர்கள். அவரையும் கீரையும் முதலில் போடுங்கள். வெறும் மண்ணைச் சாக்கு நிறைய நிரப்பினால் தளத்துக்குப் பாரம், வேருக்கும் மூச்சு இருக்காது. தென்னை நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து, மண்ணும் மக்கிய எருவுமாகக் கலந்து கொள்ளுங்கள். சாக்குகளைத் தரையில் ஒட்டி வைக்காமல் செங்கல்மேல் தூக்கி வைத்தால் தளத்தில் ஈரம் இறங்காது, வீட்டுக்காரரும் குறை சொல்ல மாட்டார். பஞ்சகவ்யம் ஒரு பாட்டில் அனுப்புகிறேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு முப்பது மில்லி போதும், அதற்கு மேல் ஊற்றக் கூடாது. அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதாக நீ சொன்னது மிகவும் நன்று. அங்கே உங்கள் குழாயில் வருவதும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றி அனுப்பும் காவிரிதான் என்பதால், அதை நீ ஒரு சொட்டு வீணாக்காமல் இருப்பது எனக்கு இரட்டை மகிழ்ச்சி.

இங்கும் ஜூன் 12 அன்றே மேட்டூர் திறந்து, தண்ணீர் நேரத்தோடு வந்துவிட்டதால் குறுவை நடவு முடிந்துவிட்டது. வேறு செய்தி அதிகமில்லை.

இயற்கை வேளாண்மை பற்றி மாப்பிள்ளை காணொளிகள் பார்ப்பதாகச் சொன்னாய். நம்மாழ்வார் ஐயா நம் தஞ்சாவூர்ப் பக்கத்து இளங்காட்டில் பிறந்தவர். வேளாண்மை படித்துவிட்டு 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை பார்த்தவர். அந்த வேலை தம் மனத்துக்கு ஒவ்வாததால் விட்டுவிட்டு வெளியே வந்தார். வந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்றுதான் இருக்கும். இன்று அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்த வேலைக்காக வைத்திருக்கவில்லை. இதை மாப்பிள்ளையிடம் சொல். நான் சொன்னதாகவே சொல். ஒரு வேலை இல்லாத காலத்தில் ஒரு மனிதர் சும்மா உட்காராமல் நாற்காலி பின்னுகிறார், சுவர் அடிக்கிறார், மண் கிளறுகிறார் என்றால் அவரை நான் குறைவாக எண்ண மாட்டேன். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து உன் சித்தப்பா திரும்பி வந்த ஆண்டில் இந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மரியாதை என்று எல்லோரும் இருந்துவிட்டோம். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மாப்பிள்ளையிடம் மாமனார் இதைக் கேட்பது முறையாக இராது. உன்னிடம் கேட்கலாம். கேட்டால் நீ "ஒன்றுமில்லை அப்பா" என்பாய், அதற்குமேல் எனக்கு வார்த்தை வராது. ஆகவே நான் கேட்கவில்லை. கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல் போட்ட பணம் வங்கியில் அப்படியே இருக்கிறது, நடவுச் செலவு போகத்தான் சொல்கிறேன். மாடி அறையும் பூட்டியே கிடக்கிறது. அதன் சுவரும் சுண்ணாம்பு கேட்கிறது. நீங்கள் இருவரும் கற்றுக்கொண்ட வேலையை இங்கே வந்தும் செய்யலாம், எத்தனை மாதம் வேண்டுமானாலும். மைசூரிலிருந்து பெங்களூர் வழியாக மயிலாடுதுறைக்கு வரும் இரவு ரயில் உனக்குத் தெரியாததன்று.

போர்வைக்கு உன் அம்மா பழைய நூல் புடவைகளை மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். அவளுடைய கூறைநாட்டுப் புடவை உன்னிடம்தான் இருக்கிறது, அதை மட்டும் வெட்டிவிடாதே. மூட்டையோடு ஆடுதுறை உளுந்து ஒரு படியும், அவரை, வெண்டை, பாகல் விதைகளும் வருகின்றன. ஆடிப் பெருக்குக்கென்று ஒரு கவரும் உள்ளே இருக்கிறது. அது சீர், அதைத் திருப்பி அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை.

கண்ணாடி போடாமல் சுண்ணாம்பு நீற்ற வேண்டாம். முக்காலியின்மேல் ஏற வேண்டாம். மறுபடியும் சொல்கிறேனே என்று எண்ணாதே.

தைக்கால்காரர் நாரின் அகலத்தைச் சொல்ல முடியாமல் நிறுத்தி வைத்திருக்கிறார். நாற்காலிச் சட்டத்தில் ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து சொன்னால்தான் அதற்கேற்ற நாரைச் சீவித் தருவாராம். அந்த அளவை மாப்பிள்ளையையே எனக்குத் தொலைபேசியில் சொல்லச் சொல். பகலில் எந்த நேரமானாலும் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புள்ள
அப்பா