டார்ச் அடிச்சுப் பாத்தது போதும், பல்லுல தடவுற ஃப்ளோரைடு வார்னிஷ் எடுத்துட்டு வாங்க

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டச் சுகாதாரத்துறை அதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கம்.

வருஷம் ஒரு தடவ ஸ்கூலுக்கு ஆர்பிஎஸ்கே வேன், அதான் புள்ளைங்க உடம்பப் பரிசோதிக்கிற அரசுத் திட்டத்து வேன் வருது, டாக்டரும் நர்சம்மாவும் பொறுமையாத்தான் பாக்குறாங்க, அதுல கொற இல்ல. வாயத் திற, டார்ச் அடி, சொத்தைன்னு எழுது, பெரியாஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு. அப்புறம்? நடவு நேரத்துல ஒருநாள் கூலிய விட்டுட்டு பால் பல்லுக்காக யாருங்க பஸ் ஏறுவா, விழுந்து மொளைக்கப் போறதுதானேன்னு சீட்டு அலமாரிக்குப் போயிடும்.

ஆனா ஆறு வயசு வாக்குல கடைசியில ஒரு கடவாப்பல் மொளைக்குது பாருங்க, எந்தப் பல்லும் விழாமலே வர்றதால அதையும் பால் பல்லுன்னே நெனச்சுக்கிறோம், அது போனா போனதுதான். அதோட பள்ளத்துல பிஸ்கட்டு அப்பிக்கிட்டு, கிருமி அதத் தின்னு ஆசிட் விட்டு எனாமல் கரையுது. ஃப்ளோரைடுங்கிற தாது உப்பு பட்டா அந்தக் கரைச்சல் கொறையும், லேசா கரைஞ்ச எடம் திரும்ப இறுகவும் செய்யும்.

ஃப்ளோரைடுன்னாலே பயப்படுறாங்க, நியாயந்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணில அது கூடிப்போயி பல்லு கறையாகி எலும்பும் கெட்டதாலதான் ஒகேனக்கல்லேர்ந்து நம்ம காவிரியவே குழாய்ல கொண்டு போறாங்க. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. அதனால தண்ணில கலங்கன்னு நான் கேக்கவே இல்ல, அமெரிக்காவுல கிராண்ட் ராப்பிட்ஸ் ஊர்ல 1945ல அப்படிக் கலக்க ஆரம்பிச்சாங்க, இங்க ஒரு தெருவுக்கு கொள்ளிடம் தண்ணி அடுத்த தெருவுக்கு போருன்னா எதுல எவ்வளவு கலப்பீங்க?

நான் கேக்குறது வார்னிஷ். 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு, சின்ன பிரஷ்ஷால பல்லுல தடவிட்டா ஒட்டிக்கும், நாற்காலி வேணாம் கரண்ட் வேணாம், ஒரு புள்ளைக்கு சில நிமிஷம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா தடவணும். அங்கன்வாடிக்கு நீங்க எப்படியும் வருஷம் ரெண்டு தடவ வர்றீங்களே, கணக்கு சரியா வருது! ஸ்கூலுக்கு மட்டும் இன்னொரு தடவ வரணும்.

கூடவே பேஸ்ட். ஃப்ளோரைடு பேஸ்ட்ட உலக சுகாதார நிறுவனமே 2021ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேத்துடுச்சு, நாம இன்னும் சாம்பலும் பல்பொடியும். ஃப்ளோரைடு 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல ஆயிரம் பங்கு இருக்கான்னு அட்டைய பாத்து வாங்கணும், மூணு வயசுக்குள்ள அரிசி அளவு, அதுக்கு மேல பட்டாணி அளவு, முழுங்காம துப்பணும். விளம்பரத்துல பிரஷ் நீளத்துக்கு பிதுக்குறத பாத்து யாரும் ஏமாறாதீங்க.

அடுத்த ரவுண்டுக்கு வார்னிஷ் வருமான்னு மட்டும் எச்எம்முக்கு எழுத்துல சொல்லுங்க, பெத்தவங்க கையெழுத்து வாங்கி வைக்கிறத நாங்க பாத்துக்கிறோம்.