கோடை அறிவியல் முகாம் குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தக் கோடை விடுமுறையின் முதல் இரண்டு வாரங்களும் நம் பள்ளி ஆய்வகம் திறந்திருக்கும். ஆராய்ச்சி நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றும் விஞ்ஞானிகள் சிலர், தங்கள் சொந்த விடுப்பில் வந்து 6 முதல் 9ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களோடு வேலை செய்ய முன்வந்திருக்கிறார்கள். அவர்கள் ஊதியம் எதுவும் பெறவில்லை. உங்களிடமும் கட்டணம் வாங்கப்போவதில்லை.

செய்தி பரவியதும் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "இதனால் மதிப்பெண் கூடுமா?" என்பதுதான். முகாம் அதற்காக நடக்கவில்லை. அடுத்த ஆண்டுப் பாடத்தை முன்கூட்டியே முடிப்பதற்காகவும் இல்லை. அந்த வேலையை நம் ஆசிரியர்கள் நன்றாகவே செய்கிறார்கள். வருகிற விஞ்ஞானிகளிடம் நான் வைத்த வேண்டுகோள் ஒன்றே ஒன்று: உங்களுக்கே இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வியோடு வாருங்கள்.

பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிறது. அதையே பார்த்து வளரும் பிள்ளை, அறிவியலில் கண்டுபிடிக்க வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது, மனப்பாடம் செய்வதுதான் பாக்கி என்று நினைத்துக்கொள்கிறது. ஒரே கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டும் ஒருவர், "இது எனக்குத் தெரியாது, இப்படித் தேடிப் பார்க்கிறேன்" என்று கூச்சமில்லாமல் சொல்வதை அந்தப் பிள்ளை நேரில் கேட்க வேண்டும். எவ்வளவு நல்ல ஆசிரியராலும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அனுபவத்தைத் தர முடியாது.

இது புதிய யோசனையும் அல்ல. 1907 வாக்கில் பாரிசில் மேரி கியூரியும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து, தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே பாடம் நடத்தினார்கள். கியூரி இயற்பியல் எடுத்தார், ழான் பெரென் வேதியியல், பால் லாஞ்செவின் கணிதம். கியூரி அதற்கு முன்பே, 1903இல், நோபல் பரிசு பெற்றிருந்தார். அந்த வகுப்பில் உட்கார்ந்த ஒரு மாணவி எடுத்துவைத்த குறிப்புகள் பிற்காலத்தில் நூலாக வெளிவந்தன. காற்றுக்கு எடை உண்டா, குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது, பொருள்கள் ஏன் மிதக்கின்றன என்று மிக எளிய விஷயங்கள்தான் அதில் இருக்கின்றன. ஆனால் எதையும் கியூரி வெறுமனே சொல்லிவிட்டுப் போகவில்லை. பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்த்தார்கள். கியூரியின் மகள் ஐரீனும் அவர்களில் ஒருவர். அவர் 1935இல் கணவரோடு வேதியியல் நோபல் பரிசு பெற்றார் என்பது உண்மைதான், ஆனால் அதைக் காட்டி நான் உங்களுக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை. அவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர்கள் சிறு பிள்ளைகளின் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கினார்களே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

நம் முகாமில் ஒரு நாள் எப்படிப் போகும்? ஒரு குண்டைக் கயிற்றில் கட்டி ஆட விடுவார்கள். கயிறு 1 மீட்டர் இருந்தால் ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய 2 வினாடி ஆகும். குண்டின் எடையை மாற்றினாலும் அந்த நேரம் மாறாது. இதைப் பெரும்பாலான பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள், மறுக்கவும் வேண்டும். பிறகு அளப்பார்கள். ஒரே ஊசலை ஐந்து பேர் அளந்தால் ஐந்து விடை வரும். வழக்கமாக நம் பிள்ளைகள் அந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்: புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார்த்து, தங்கள் எண்ணை அழித்துத் திருத்திவிடுவார்கள். அப்படி அழிக்கக் கூடாது, ஐந்து எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்பதே அடுத்த கேள்வி என்று, தினமும் அளவெடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் சொன்னால் அது மனத்தில் தைக்கும்.

யாரை அழைப்பது என்பதிலும் கவனமாக இருந்தோம். "ஒரு விஞ்ஞானியை வரைந்து காட்டு" என்று 4,807 குழந்தைகளிடம் கேட்ட ஆய்வு ஒன்று 1983இல் வெளியானது. பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர் மட்டுமே, அவர்கள் அனைவரும் சிறுமிகள். ஒரு பையன்கூட வரையவில்லை. அதனால் வருகிற விஞ்ஞானிகளில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறோம். வெள்ளை அங்கி அணியாமல் வயலிலும் காட்டிலும் கடலிலும் வேலை செய்பவர்களும் வருகிறார்கள். வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகப் பெண் பிள்ளைகளை நிறுத்திவிடாதீர்கள். தயவுசெய்து இதைக் கட்டாயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இடங்கள் குறைவு. முதல் மதிப்பெண் எடுப்பவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சிலர் சொன்னார்கள், நான் ஏற்கவில்லை. மின்சாரத்தையும் காந்தத்தையும் ஆராய்ந்து புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். புத்தகம் தைக்கும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தபோது, வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டால் 1812இல் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். அடுத்த ஆண்டே டேவியின் உதவியாளரானார். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அந்த டிக்கெட்டைக் கொடுத்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்காது. ஆகவே, விருப்பம் தெரிவிக்கும் அனைவரின் பெயரையும் குலுக்கிப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்போம்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஆசிரியர் ஒருவர் எந்நேரமும் ஆய்வகத்தில் இருப்பார். வெளியிலிருந்து வரும் யாரும் பிள்ளைகளோடு தனியாக இருக்க மாட்டார்கள். பாதுகாப்புக் கண்ணாடி நாங்கள் தருவோம். கால் மூடிய செருப்பு, தொளதொளவென்று இல்லாத சட்டை, கட்டிய தலைமுடி ஆகியவை அவசியம். ஒவ்வாமை ஏதேனும் இருந்தால் ஒப்புதல் படிவத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும் "என்ன படித்தாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்றைக்கு எது நீ நினைத்தபடி நடக்கவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். சோதனை சரியாக வரவில்லை என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். எப்படிச் செய்தாய், எங்கே மாறிப்போனது என்று முழுவதையும் சொல்லவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் ஆய்வக உதவியாளர்கள் இருக்கலாம், மண்ணையோ நீரையோ பரிசோதிப்பவர்கள் இருக்கலாம், வானிலை அளவுகளைப் பதிவு செய்பவர்கள் இருக்கலாம். முனைவர் பட்டம் இல்லையே என்று தயங்க வேண்டாம். உங்கள் வேலையில் நீங்கள் எதை அளக்கிறீர்கள், அது சரியென்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்று ஒரு மணி நேரம் பேசினால் போதும். வர விரும்புகிறவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். ஒப்புதல் படிவத்தையும் விடுமுறை தொடங்குவதற்கு முன் அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்