பேட்டரி விஷயத்துல அப்பா சொன்னது தப்பு கண்ணு

கண்ணு,

போன்ல சொன்னா பாதியிலயே சரிப்பா சரிப்பான்னு வெச்சுடுவே, அதான் டைப் பண்றேன், டீ குடிச்சுட்டே படி.

லேப்டாப் 80க்கு மேல ஏற மாட்டேங்குது, பேட்டரி செத்துருச்சுன்னு நேத்து அழுகாத குறையா சொன்னியே, எனக்கு அப்படித் தோணல. தேஞ்ச பேட்டரி பெரும்பாலும் 100ன்னுதான் காட்டும், ஏன்னா அது இப்ப எவ்ளோ பிடிக்குமோ அதையே 100ன்னு வெச்சுக்கும், ஆனா பிளக்கைப் புடுங்குனா ஒரு மணி நேரத்துல படுத்துரும். கரெக்டா 80லயோ 60லயோ நின்னா லேப்டாப் கம்பெனியோட ஆப்ல, இதுக்கு மேல ஏத்தாதன்னு நிறுத்துற சார்ஜ் லிமிட் ஆன் ஆகியிருக்கும், மொதல்ல அதைப் பாரு. போன் சார்ஜர மாட்டி வெச்சிருக்கியான்னும் பாத்துக்கோ, அது பத்தாது.

இனி அப்பா பண்ணுன தப்பு. 2021ல ஆன்லைன் கிளாஸுக்கு அத வாங்குனப்ப எப்பவும் பிளக்லயே போட்டு வை, ஃபுல்லாவே இருக்கணும்னு நான்தான சொன்னேன்? அது இன்வெர்ட்டர் பேட்டரிக்கான புத்தி. கடையில இத்தன வருஷமா பாத்தது லெட் ஆசிட், அத காலியா விட்டா தகடு வெள்ளை பூத்து போயிரும், ஃபுல்லா வெச்சாத்தான் உசுரோட இருக்கும். உன் லேப்டாப்புல இருக்குற லித்தியம் பேட்டரி அப்படியே தலைகீழ். செல்லு 4.2 வோல்ட்டோ அதுக்குக் கொஞ்சம் மேலயோ தொட்டா ஃபுல்லு, அந்த உச்சத்துலயே நாள்கணக்குல நிக்கிறது அதுக்கு ஆகாது, கூட சூடும் சேந்தா சீக்கிரமே தேஞ்சுரும். நீ வேற மெத்தை மேல வெச்சு வேலை பாக்குற, அடியில காத்து போற ஓட்டைய பூரா அடைச்சுக்கிட்டு. அதனால அந்த 80 லிமிட்ட ஆஃப் பண்ணிராத, ஊருக்கு பஸ் ஏறுற அன்னிக்கு மட்டும் 100 ஏத்திக்கோ. அடிக்கடி சுத்தமா வடிச்சுட்டு ஏத்தணும்னு உன் ஃப்ரெண்டு சொன்னாளாமே, அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துக் கதை, வேண்டாம்.

லிமிட் இல்லாமயே நிக்குதுன்னா விண்டோஸ்லயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், உங்க ஆபீஸ் ஐடி பையன்கிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல எடுத்துத் தருவான். அதுல டிசைன் கெப்பாசிட்டி (புதுசுல பிடிக்க வேண்டியது), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்ப பிடிக்கிறது)ன்னு ரெண்டு நம்பர் இருக்கும். மொதலாவது 45000, ரெண்டாவது 27000ன்னு இருந்தா 60 பர்சென்ட்தான் மிச்சம்னு அர்த்தம், அப்ப மாத்திரலாம். 300ல இருந்து 500 தடவ ஏறி எறங்குனா தேயத்தான் செய்யும், அதுக்கு யாரையும் திட்டி பிரயோஜனம் இல்ல.

மாத்தறதுன்னா பெங்களூர்ல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற எஸ்.பி. ரோடு போ, ஆனா பாதி வெலைக்குத் தர்றேன்னு சொல்றவன்கிட்ட வாங்காத. பழசு மேல இருக்குற பார்ட் நம்பர், வோல்ட் ரெண்டும் புதுசுலயும் அதேதானான்னு பாரு, ஐஎஸ் 16046ன்னு இந்தியத் தர முத்திரை இருக்கணும்.

ஒண்ணு மட்டும் இன்னிக்கே பாத்துரு. மூடி வெச்சா லேப்டாப் மேசையில ஆடுதா, டச்பேட் மேல தள்ளிக்கிட்டு நிக்குதா? அப்படின்னா உள்ள பேட்டரி உப்பியிருக்கு, ஆஃப் பண்ணிரு, சார்ஜ் போடாத, அழுத்தாத, நீயா கழட்டாத, நேரா சர்வீஸ்ல குடு. பழைய பேட்டரிய குப்பை வண்டியிலயும் போட்றாத கண்ணு, நசுங்குனா தீப்புடிக்கும்.

ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பு, ஒம்போது மணிக்கு மேல அனுப்பு, அதுக்குள்ள கடைய சாத்திருவேன்.

அப்பா